வீட்டில் இசைக்கலவை

இசைக்கலவை (மிக்ஸிங்) என்பது, தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்ட குரலையும் கருவிகளின் ஒலிகளையும் ஒரே பாடலாகக் கேட்கும்படி ஒன்று சேர்க்கும் பணியாகும். ஒவ்வோர் ஒலியும் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும், இடப்பக்கம் கேட்க வேண்டுமா வலப்பக்கமா, அருகிலிருந்து வருவதுபோல் இருக்க வேண்டுமா தொலைவிலிருந்தா என்பவற்றை இப்பணி முடிவு செய்கிறது. முன்பு பெருநகர ஒலிப்பதிவுக் கூடங்களில் மட்டுமே நடந்த இந்த வேலையை, இன்று ஒரு சாதாரணக் கணினி, ஒரு ஹெட்போன், விலையில்லாச் சில பிளக்-இன்கள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடிகிறது. திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமம் போன்ற சிற்றூர்ப் பகுதியில் வாழும் மாணவர் ஒருவர் இக்கலையைத் தொடங்குவது எப்படி என்பதை, பறையும் குரலும் சேர்ந்த நாட்டுப்புறப் பாடல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பொருள்

பதிவு செய்த ஒவ்வொரு குரலும் கருவியும் மென்பொருளில் ஒரு தனிக் கோடாகத் தெரியும். இது ‘தடம்’ (ட்ராக்) எனப்படும். தடங்களைச் சேர்த்து இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு உரிய ஒரே கோப்பாக ஆக்குவதே கலவை. ‘பிளக்-இன்’ என்பது ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் சிறு மென்பொருள் ஆகும். தமிழில் இதைச் ‘செருகுநிரல்’ என்றும் குறிப்பிடுவர். கலவை முடிந்த பின்னர் பாடலின் மொத்த ஒலியளவைச் சீர்செய்து வெளியீட்டுக்கு ஆயத்தப்படுத்தும் கடைசிப் பணி ‘மாஸ்டரிங்’ எனப்படும். தொடக்கநிலை மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கின்றனர். கலவையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். மாஸ்டரிங்கில் அவை ஏற்கெனவே ஒன்றாகிவிட்டிருக்கும்.

வரலாறு

ஒரே மைக்கில் பதிவு செய்த காலத்திலும் கலவை இருந்தது. அது தூரத்தைக் கொண்டு செய்யப்பட்டது. பாடுபவர் மைக்குக்கு அருகில் நிற்பார். உரத்த ஒலி எழுப்பும் கருவிகளை வாசிப்பவர்கள் பின்னால் தள்ளி அமர்வார்கள். யார் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பவரே அன்றைய கலவையாளர். பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் நாடாக் கருவிகள் வந்த பின்னர், இந்த முடிவைப் பதிவுக்குப் பிறகும் மாற்ற முடிந்தது.

தமிழ்த் திரையிசையில் வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பெரும் எடுத்துக்காட்டு ஏ. ஆர். ரகுமானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஆகும். சென்னை கோடம்பாக்கத்தில் அவரது வீட்டை ஒட்டி அமைந்த இக்கூடத்தில் 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் பாடல்கள் உருவாயின. அப்படத்துக்காக அவர் தேசிய விருது பெற்றார். அவருடன் நீண்டகாலம் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் (மறைவு 2008) ‘மகாநதி’, ‘லகான்’ உள்ளிட்ட படங்களின் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருதுகள் பெற்றவர். பாடலின் வெற்றியில் கலவையாளருக்கும் பங்கு உண்டு என்பதைத் தமிழ் இரசிகர்கள் கவனிக்கத் தொடங்கியது இக்காலத்தில்தான் எனலாம்.

1996-இல் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற பிளக்-இன் முறையை வெளியிட்டது. முன்பு இரும்புப் பெட்டிகளாக இருந்த சமனாக்கியும் எதிர்முழக்கக் கருவியும் கணினித் திரைக்குள் வருவது பரவலாயிற்று. 2000-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருள் வெளியானது. அதன் பின்னர் ஒலித்தொகுப்பு எளிய மாணவர்களுக்கும் எட்டும் ஒன்றாயிற்று.

காந்திகிராமப் பகுதியின் ஒலிச்சூழல்

காந்திகிராமம் சிறுமலை அடிவாரத்தில், திண்டுக்கல்–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளது. டாக்டர் டி. எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோரால் 1947-இல் தொடங்கப்பட்ட காந்திகிராம அறநிலையமும், அதிலிருந்து 1956-இல் வளர்ந்த கிராமிய நிறுவனமும் (1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) இவ்வூரின் அடையாளங்கள். அருகில் கைத்தறிச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டியும், அம்பாத்துரை இரயில் நிலையமும் உள்ளன.

இச்சூழல் பதிவு செய்பவருக்குச் சில தொல்லைகளையும் தருகிறது. நெடுஞ்சாலையின் கனரக வண்டிகளும் இரயிலும் தாழ்ந்த உறுமலை எழுப்பும். தறி ஓசை தாளம்போல் விட்டுவிட்டுக் கேட்கும். மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், ஓடவிட்டால் மைக்கில் காற்று இரையும். பதிவோடு கலந்துவிட்ட தறி ஓசையைப் பின்னர் எந்தப் பிளக்-இன்னாலும் முழுமையாகப் பிரிக்க இயலாது. அதிகாலையில் பதிவு செய்வதே இதற்கு மருந்து. பதிவில் கோட்டைவிட்டுக் கலவையில் சரிசெய்ய முயல்வது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதையாகிவிடும்.

மறுபுறம், இப்பகுதியில் கலவை செய்யத் தகுந்த இசைக்குக் குறைவில்லை. நடவுப்பாட்டு, கும்மி, ஒப்பாரி, நையாண்டி மேளம், பறை ஆகியன இன்னும் மக்களிடையே வழங்குகின்றன. திண்டுக்கல்லைச் சேர்ந்த சக்தி கலைக்குழு பெண்களைக் கொண்டு பறையிசைத்துவரும் குழுவாகும். இனஇசையியல் ஆய்வாளர் சோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்துள்ளார். கைப்பேசியில் பதிவாகி அப்படியே மறந்துபோகும் பாடல்களை, சொல் தெளிவாகக் கேட்கும் நிலையில் பாதுகாக்க உள்ளூர் மாணவர் ஒருவருக்குக் கலவை தெரிந்திருப்பது பெரிதும் உதவும்.

தேவையான பொருட்கள்

கணினி: 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி தொடக்கத்துக்குப் போதும்.

மென்பொருள்: ஆடாசிட்டி விலையின்றிக் கிடைக்கிறது. பாடல் ஓடும்போதே பிளக்-இன்னை மாற்றிக் கேட்கும் வசதி அதன் 3.2 பதிப்பில் (2022) வந்தது. ஆர்டர், எல்.எம்.எம்.எஸ். ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். ரீப்பர் 60 நாள் விலையின்றிப் பழகிப்பார்க்கக் கிடைக்கும். அதனுடன் ரீ-ஈக்யூ, ரீ-காம்ப் போன்ற எளிய பிளக்-இன்களும் சேர்ந்தே வரும்.

ஹெட்போன்: காதை முழுவதும் மூடும் வகை நல்லது. ‘பாஸ் அதிகம்’ என்று விளம்பரப்படுத்தும் வகையைத் தவிர்க்க வேண்டும். அது தாழ்ந்த ஒலியைத் தானே கூட்டிக் காட்டுவதால், கலவை செய்பவர் அதைத் தேவைக்கு மேல் குறைத்துவிடுவார்.

மைக்கும் இணைப்புப் பெட்டியும்: வசதி இருந்தால் வாங்கலாம். இல்லையெனில் கைப்பேசியிலும் தொடங்கலாம். ஆனால் கைப்பேசியின் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதியுள்ள பதிவுச் செயலியைப் பயன்படுத்த வேண்டும். அக்கட்டுப்பாடு இருந்தால், பறையின் ஒவ்வோர் அடிக்கும் கைப்பேசி தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். கூடவே பாடுபவரின் குரலும் அமுங்கி அமுங்கி எழும்.

நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவில் வேவ் கோப்பாகப் பதிவது நல்லது. ஒரு தடம் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி இடம் பிடிக்கும். 5 நிமிடப் பாடலுக்கு 8 தடங்கள் என்றால் சுமார் 346 எம்பி ஆகும். பதியும்போது ஒலியின் உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நின்றால் போதும். 0 டெசிபெல்லைத் தொட்டால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பு உண்டாகும். அதைச் சீர்செய்வது கடினம்.

அறையின் தன்மை

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 10 அடி (3.05 மீட்டர்) இடைவெளியில் எதிரெதிராக இரு சுவர்கள் இருந்தால், ஏறத்தாழ 56 ஹெர்ட்சு அதிர்வெண் உள்ள ஒலி அவற்றுக்கிடையே நிலையலையாக நின்றுவிடும். சுவர் ஓரத்தில் அந்த ஒலி மிகையாகவும், அறையின் நடுவில் மிகக் குறைவாகவும் கேட்கும். நீளமும் அகலமும் 10 அடியாக உள்ள சதுர அறையில் இரு திசைகளிலும் ஒரே அதிர்வெண் சிக்குவதால் இக்குறை இரட்டிக்கிறது. அறையின் நடுவில் அமர்ந்து ‘பாஸ் போதவில்லை’ என்று கூட்டுபவர், அதே பாடலைப் பேருந்தில் கேட்கும்போது திடுக்கிடுவார்.

இதனால் தொடக்கத்தில் ஒலிபெருக்கியைவிட ஹெட்போனே நம்பகமானது. குரல் பதியும்போது பின்னாலும் பக்கங்களிலும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நன்கு குறையும். மெல்லிய சேலையைத் தொங்கவிடுவது உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே சிறிது உறிஞ்சும். பறையை இத்தகைய சிற்றறையில் பதியாமல், முற்றத்திலோ திறந்த வெளியிலோ பதிவதே ஏற்றது. அது வெட்டவெளிக்கு உரிய கருவியாகும்.

அடிப்படைப் பிளக்-இன்கள்

கடைகளில் நூற்றுக்கணக்கான பிளக்-இன்கள் விற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கீழ்க்காணும் ஐந்தின் வேறு வேறு வடிவங்களே.

1. சமனாக்கி (ஈக்வலைசர்). மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை கேட்கும். இந்தப் பரப்பில் எந்தப் பகுதியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதைச் சமனாக்கி செய்கிறது. குரல் தடத்தில் 80 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால், குரல் கெடாமல் வண்டி உறுமலின் பெரும்பகுதி நீங்கும். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்சு ஆதலால், மின்கம்பி இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்சுகளில் இருக்கும். அவ்விடங்களைக் குறுகிய அளவில் குறைக்கலாம். குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தால் 200 முதல் 400 ஹெர்ட்சு வரை 2 அல்லது 3 டெசிபெல் குறைத்துப் பார்க்கலாம்.

2. கம்ப்ரசர் (ஒலிச்செறிவி). உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது இதன் வேலை. வரம்பு மைனஸ் 18 டெசிபெல், விகிதம் 4:1 என்று வைத்ததாகக் கொள்வோம். மைனஸ் 10 டெசிபெல்லில் வரும் ஒலி வரம்பை 8 டெசிபெல் தாண்டுகிறது. 4-இல் ஒரு பங்காகிய 2 டெசிபெல் மட்டுமே தாண்ட விடப்படும். எனவே அது மைனஸ் 16 டெசிபெல்லாக வெளிவரும். கம்ப்ரசர் எவ்வளவு விரைவில் செயல்படத் தொடங்குகிறது என்பது ‘அட்டாக்’, எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்பது ‘ரிலீஸ்’. தாளக் கருவிகளில் இவ்விரண்டுமே முக்கியம்.

3. எதிர்முழக்கம் (ரிவெர்ப்). கோயில் மண்டபத்தில் பாடினால் குரல் நீண்டு கரைவதுபோன்ற உணர்வை இது தருகிறது. பள்ளிப் பாடநூலில் படிக்கும் எதிரொலி வேறு, இது வேறு. ஒலித்த ஒலியும் திரும்பிய ஒலியும் தனித்தனியாகக் கேட்க 0.1 நொடி இடைவெளி வேண்டும். அதற்கு ஒலியை எதிரொலிக்கும் பரப்பு ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்கும் குறைந்த இடைவெளியில் எண்ணற்ற எதிரொலிகள் நெருக்கமாக வந்து ஒன்றாகும்போது அது எதிர்முழக்கமாகிறது.

4. தாமதம் (டிலே). எண்ணி அளந்த எதிரொலி இது. 60,000-ஐப் பாடலின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு உரிய நேரம் மில்லி நொடியில் கிடைக்கும். நிமிடத்துக்கு 100 தட்டுகள் உள்ள பாடலுக்கு அது 600 மில்லி நொடி, அரைத் தட்டுக்கு 300 மில்லி நொடி. இவ்வளவில் வைத்தால் எதிரொலி தாளத்தோடு பொருந்தும்.

5. உச்சவரம்பி (லிமிட்டர்). குறித்த அளவைத் தாண்டி எதுவும் போகாதபடி தடுக்கும் காவல் இது. மொத்தப் பாடலின் முடிவில் மட்டும் வைப்பது வழக்கம்.

இவற்றுடன் அலைவரிசையைப் படமாகக் காட்டும் பகுப்பி ஒன்றும் உதவும். வாக்சென்கோ ஸ்பான் என்ற பகுப்பி விலையின்றிக் கிடைக்கிறது. படம் காதுக்குத் துணையாகலாம், காதுக்கு மாற்றாக முடியாது. பூட்டு உடைக்கப்பட்ட (கிராக்) பிளக்-இன்களை இறக்குவது சட்டத்துக்குப் புறம்பானது. கணினியில் தீநிரல் புகவும் அது வழி செய்யும். விலையில்லாதவையே நிறைய இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

ஒலிமறைப்பு

கலவையின் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் ஒலிமறைப்பு ஆகும். ஒரே அதிர்வெண் பகுதியில் இரண்டு ஒலிகள் சேர்ந்து வரும்போது, உரத்தது மெல்லியதை மறைத்துவிடும். தமிழ்ச் சொற்களின் தெளிவு மெய்யெழுத்துகளில் உள்ளது. மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் பகுதி பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்சு வரை அமைகிறது. பறையின் மேல் சிண்டுக்குச்சி விழும் ‘சடக்’ என்ற ஒலியும் இதே பகுதியை நிரப்புகிறது. ஆகவே பறை உரத்தால் முதலில் மறைவது பாட்டின் மெட்டு அன்று, சொல். கேட்பவருக்கு மெட்டு கேட்கும், தாளம் கேட்கும். ‘வாழை’யா ‘வாளை’யா என்பது கேட்காது.

இதைத் தீர்க்கப் புதியவர் செய்வது குரலைக் கூட்டுவது. பிறகு பறை மங்கியதாகத் தோன்றும், பறையைக் கூட்டுவார். பின்பு குழல் கேட்கவில்லை என்று குழலைக் கூட்டுவார். குழம்பில் உப்பு மிஞ்சியதற்குப் புளியையும், புளி மிஞ்சியதற்கு மிளகாயையும் கூட்டிக்கொண்டே போவதுபோல், கடைசியில் மொத்தமும் 0 டெசிபெல்லில் முட்டி நிற்கும். கூட்டுவதற்கு முன் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதே இசைக்கலவையின் முதற்பாடம். ஒன்றுக்கு இடம் வேண்டுமானால் இன்னொன்று சற்று விலக வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஒரு நடவுப்பாட்டு

முன்பாட்டுக் குரல், பின்பாட்டுக் குரல்கள் இரண்டு, பறை, உறுமி, புல்லாங்குழல் என ஆறு தடங்கள் உள்ளதாகக் கொள்வோம்.

முதல் படி, கேட்டல். எதையும் தொடாமல் முழுப் பாடலையும் இரண்டு முறை கேட்டு, குறைகளைத் தாளில் எழுத வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்கிய பின்னரே வாசிப்பர். பதிவு நீளும்போது தோல் ஆறி, ஒலி தாழ்ந்துவிடும். பாடலின் முதற்பகுதியும் கடைப்பகுதியும் வேறு வேறு நேரத்தில் பதியப்பட்டிருந்தால் இந்த வேறுபாடு தெரியும். இதற்குப் பிளக்-இன் தேடுவதைவிட, பறையை மீண்டும் காய்ச்சி அப்பகுதியை மறுபடி பதிவதே எளிது.

இரண்டாம் படி, அளவு. எல்லா ஃபேடர்களையும் கீழே இறக்கிவிட்டு முன்பாட்டுக் குரலை மட்டும் உயர்த்த வேண்டும். அடுத்துப் பறை, பின்னர் உறுமி, பின்பாட்டு, குழல் என ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பிளக்-இன் எதுவும் இல்லாமல் இந்நிலையிலேயே பாடல் பெருமளவு உருவம் பெற்றுவிடும். மொத்த ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி, இடம். முன்பாட்டுக் குரலை நடுவில் வைக்கலாம். பறையைச் சற்று இடமாகவும், உறுமியைச் சற்று வலமாகவும், பின்பாட்டுக் குரல்களை இரு ஓரங்களிலும் வைக்கலாம். வயலில் வரிசையாக நின்று பாடும் தோற்றம் இதனால் கிடைக்கும். பறையின் முன்புறமும் பின்புறமும் இரு மைக்குகளை வைத்துப் பதிந்திருந்தால் கவனம் தேவை. தோல் ஒருபுறம் அமுங்கும்போது மறுபுறம் புடைக்கிறது. இரு தடங்களின் அலைகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கும். பின்புறத் தடத்தில் துருவமாற்றுப் பொத்தானை அழுத்தினால் மெலிந்த ஒலி மீண்டும் கனம் பெறும்.

நான்காம் படி, விலக்குதல். பறைத் தடத்தில் சமனாக்கியைத் திறந்து, ஒரு குறுகிய பகுதியை 6 டெசிபெல் கூட்டி, 1,500 ஹெர்ட்சிலிருந்து 4,000 வரை மெல்ல நகர்த்திக் கேட்க வேண்டும். எவ்விடத்தில் சொற்கள் மிகவும் மறைகின்றனவோ, அவ்விடத்தில் கூட்டியதை நீக்கிவிட்டு 2 அல்லது 3 டெசிபெல் குறைக்க வேண்டும். இவ்விடம் பறைக்குப் பறை மாறும். எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. இதற்கு மேல் குறைத்தால் பறை, அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிடும்.

ஐந்தாம் படி, ஏற்ற இறக்கம். பாட்டு வரும் அடிகளில் பறையை 2 டெசிபெல் இறக்கி, இடையிசையில் மீண்டும் உயர்த்தலாம். மென்பொருளில் இதற்கெனக் கோடு வரையும் வசதி உண்டு. நல்ல பறைக் கலைஞர்கள் பாடகர் வாய் திறக்கும்போது தாமாகவே அடியைத் தணிப்பர். கலவையாளர் செய்வதும் அதுவே.

ஆறாம் படி, கம்ப்ரசர். குரலுக்கு 3:1 விகிதத்தில், 3 முதல் 5 டெசிபெல் வரை அமுக்கினால் போதும். பறைக்குக் கம்ப்ரசர் வேண்டுமென்றால் அட்டாக்கை 20 அல்லது 30 மில்லி நொடியில் வைக்க வேண்டும். 1 மில்லி நொடியில் வைத்தால் குச்சி தோலைத் தொடும் முதல் ஒலியே நசுங்கி, பறைக்குரிய அறைதல் போய்விடும்.

ஏழாம் படி, எதிர்முழக்கம். எல்லாத் தடங்களுக்கும் பொதுவாக ஒரே எதிர்முழக்கத் தடம் அமைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டிய அளவு அனுப்புவது நல்லது. அப்போது எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதுபோல் தோன்றும். நடவுப்பாட்டு வெட்டவெளிப் பாட்டு. அதற்குப் பெரிய மண்டப எதிர்முழக்கம் பொருந்தாது. 1 நொடிக்கும் குறைந்த அளவு போதும். நிறுத்தினால்தான் அது இருந்தது தெரிய வேண்டும்.

ஆயத்த அமைப்புகளின் ஆபத்து

பிளக்-இன்களுடன் ‘டிரம்ஸ்’, ‘பெண் குரல்’, ‘ராக்’ என்றெல்லாம் ஆயத்த அமைப்புகள் வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை மேலை நாட்டு டிரம்ஸையும் கிட்டாரையும் கருதி உருவாக்கப்பட்டவை. பறை, உறுமி, தவில் ஆகியவற்றை அவற்றுள் நுழைத்தால், உறுமியின் தோலை உரசி எழும் வளைந்த ஒலி ‘இரைச்சல்’ எனக் கருதப்பட்டு வெட்டப்படும். பறை, டிரம்ஸ்போல் ஒலிக்கத் தொடங்கும். பாடல் மெருகேறியதாகத் தோன்றினாலும், அது எந்த ஊர்ப் பாடல் என்பது தெரியாமல் போகும். சுருதி திருத்தும் பிளக்-இன்களும் இவ்வாறே. ஒப்பாரியில் வேண்டுமென்றே இழுத்துத் தாழ்த்தப்படும் சுரத்தை, தவறு என்று எண்ணி நேராக்கிவிடும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்தது. நிலத்துக்கு ஒரு பறை இருந்த மரபில் எல்லாப் பறையையும் ஒன்றுபோல் ஒலிக்கச் செய்வது கலவையின் குறையே. கருவி நேரில் எப்படி ஒலிக்கிறது என்பதை வாசிப்பவர் அருகில் நின்று கேட்டு நினைவில் வைத்துக்கொள்வதே இதற்கு மாற்று.

சரிபார்த்தல்

சொல்வதெழுதுதல்: பாடலை முன்பு கேட்டிராத ஒருவரிடம் ஒரே ஒரு முறை ஒலிக்கவிட்டு, கேட்ட சொற்களை எழுதச் சொல்லலாம். முதலில் குரலை மட்டும் கேட்கச் செய்தும், வேறொருவருக்கு முழுக் கலவையைக் கேட்கச் செய்தும் ஒப்பிடலாம். குரலில் மட்டும் சரியாக எழுதப்பட்ட ழகரமும் றகரமும் கலவையில் பிழையானால், அங்கே ஒலிமறைப்பு உள்ளது என்று பொருள். செலவில்லாத இச்சோதனை பல விலையுயர்ந்த பகுப்பிகளைவிடப் பயன் தரும்.

ஒற்றை ஒலி: இரு பக்கங்களையும் ஒன்றாக்கிக் கேட்க வேண்டும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியிலும் பாடல் இவ்வாறே கேட்கும். இரு பக்கமாக நன்றாக இருந்து ஒன்றாக்கியதும் ஒரு கருவி மறைந்தால், அலைகள் எதிரெதிராக உள்ளன.

மாதிரிப் பாடல்: நன்றாகக் கலக்கப்பட்ட ஒரு பாடலை அதே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேட்பது காதைப் பழக்கும். நாட்டுப்புறக் குரலும் தாளமும் மின்னணு இசையோடு சேர்ந்த ‘என்ஜாயி எஞ்சாமி’ (2021) போன்ற பாடல்கள் இதற்கு உதவும்.

வெளியீட்டு அளவு: ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற சராசரி அளவுக்குக் கொண்டுவருகின்றன. உச்சவரம்பியால் நசுக்கி மிக உரக்கச் செய்த பாடலைத் தளமே இறக்கிவிடும். உரப்பு கிடைக்காது, நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

செவிப் பாதுகாப்பு

1933-இல் பிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஒலியளவு குறையும்போது தாழ்ந்த அதிர்வெண்களை மனிதச் செவி விகிதத்துக்கு மேல் குறைவாகக் கேட்கிறது என்பதை வரைபடமாகக் காட்டினர். ஆகவே மிக உரக்க வைத்துக் கலந்த பாடல், மெல்ல ஒலிக்கும்போது கனமிழந்து தோன்றும். இயல்பாகப் பேசும் அளவில் வைத்துக் கலப்பதே சரி. உடல்நலத்துக்கும் அதுவே ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரமே. கெட்ட பிளக்-இன்னை மாற்றலாம், கெட்ட செவியை மாற்ற முடியாது. 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்து வருவது நல்ல பழக்கம்.

பாடியவரின் உரிமை

நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதைப் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பெயர் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957, பின்வந்த திருத்தங்களுடன்) பாடுபவருக்கும் இசைப்பவருக்கும் ‘நிகழ்த்துநர் உரிமை’யை 50 ஆண்டுகளுக்கு அளிக்கிறது. எனவே பதிவுக்கு முன் ஒப்புதல் பெறுவதும், வெளியிடும்போது அவர்கள் பெயரைக் குறிப்பிடுவதும், கலந்த பாடலை வெளியிடுமுன் அவர்களுக்குப் போட்டுக்காட்டுவதும் கடமையாகும். ‘எங்கள் பறை இப்படி ஒலிக்காது’ என்று அவர்கள் சொன்னால், அக்கருத்தே எந்தப் பிளக்-இன் காட்டும் எண்ணைவிடவும் மேலானது.

பயிலும் முறை

முதல் மாதம் ஃபேடரையும் இடவலத்தையும் மட்டும் பயன்படுத்திப் பழகலாம். இரண்டாம் மாதம் சமனாக்கி, மூன்றாம் மாதம் கம்ப்ரசர், நான்காம் மாதம் எதிர்முழக்கமும் தாமதமும் என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரே பாடலை ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கலந்து, பழைய கோப்புகளை நாளிட்டு வைத்திருந்தால் வளர்ச்சி தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு பிளக்-இன்னையும் நிறுத்தியும் இயக்கியும் ஒரே ஒலியளவில் கேட்டு, அது இல்லாமலே நன்றாக இருந்தால் நீக்கிவிட வேண்டும். முடிவில் பாடலில் எத்தனை பிளக்-இன்கள் உள்ளன என்பது எவருக்கும் கேட்காது. நடவு நடும் பெண் என்ன பாடினார் என்பது கேட்க வேண்டும். அது கேட்டால் கலவை தன் வேலையைச் செய்துவிட்டது.